சீட்டாட்டமும் சினிமாவும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணிபுரிகிறேன். சென்ற வாரம் ‘பிக்காசோ அண்ட் பிராக் கோ டு த மூவீஸ்’ என்னும் ஆவணப்படத்தைப் பார்த்தேன். ஆர்ன் கிளிம்ச்சர் 2008இல் இயக்கிய படம். மார்ட்டின் ஸ்கோர்செசி வர்ணனை பேசியிருக்கிறார். பிக்காசோவும் பிராக்கும் உருவாக்கிய, ஒரு பொருளைத் துண்டுகளாக்கிப் பல கோணங்களில் ஒரே நேரத்தில் காட்டும் கியூபிச ஓவியத்துக்குப் பின்னால் அன்று பாரிஸில் புதிதாகப் பரவிக்கொண்டிருந்த சலனப்படங்களின் பாதிப்பு இருக்கிறது என்பதுதான் ஒரு மணி நேரப் படத்தின் மையக் கருத்து. ஒரு பழைய படத்துண்டு வருகிறது, அடுத்ததாக ஓர் ஓவியம் வருகிறது, இரண்டும் அப்படியே பொருந்துகின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் முழுமையாக நம்பினேன். மறுநாள் காலையில் சக ஆசிரியர் ஒருவரிடம் அதை விளக்க முயன்றபோது, நான் நம்பியதற்கான காரணம் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

ஓவியக் கல்லூரியில் எங்களுக்குக் கியூபிசம் முந்தைய தலைமுறைப் பிரெஞ்சு ஓவியரான செசானிடமிருந்தும் ஆப்பிரிக்க முகமூடிகளிடமிருந்தும் வந்தது என்றுதான் கற்பித்தார்கள். அது தவறா? ஓடிக்கொண்டிருக்கும் சினிமா, அசையாமல் நிற்கும் ஓவியத்துக்கு எதைக் கொடுத்திருக்க முடியும்? கியூபிச ஓவியங்களின் சாம்பலும் பழுப்புமான நிறம் கறுப்பு வெள்ளைப் படங்களிலிருந்து வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, அது சரியா? பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக்காட்டலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்பாக உங்கள் கருத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அன்புடன்,
ஓர் ஓவிய ஆசிரியர்,
திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

இரவில் நம்பியதற்குக் காலையில் காரணம் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த மதிப்புரைகள் எதிலும் இவ்வளவு சரியான ஒரு வரி இல்லை. ஒரு படத்துண்டுக்கு அருகில் ஓர் ஓவியத்தை ஒட்டிவைத்தால் பார்ப்பவரின் மனம் இரண்டுக்கும் நடுவே தானாகவே ஒரு பாலத்தைக் கட்டிக்கொள்கிறது. படத்தொகுப்பு என்னும் கலையின் அடிப்படையே அதுதான். ஓவியத்தின் மீது சினிமா செலுத்திய ஆதிக்கத்தைப் பற்றிப் பேசும் ஒரு படம், நம் மீது சினிமா செலுத்தும் ஆதிக்கத்தைப் பயன்படுத்தியே அதைச் சொல்கிறது. இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் காலையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கிளிம்ச்சர் நியூயார்க்கின் புகழ்பெற்ற பேஸ் கலைக்கூடத்தின் நிறுவனர். 2007இல் அங்கே பெர்னிஸ் ரோஸ் என்னும் கலை வரலாற்றாளர் பிக்காசோ, பிராக், தொடக்ககாலச் சினிமா ஆகியவற்றை இணைத்து ஒரு கண்காட்சியை அமைத்தார். அந்தக் கண்காட்சியின் வாதம்தான் படமாக நீண்டது. கண்காட்சிச் சுவரில் இரண்டு படங்களை அருகருகே மாட்டினால், பார்ப்பவர் நின்று, திரும்பி வந்து, முதல் படத்தை மறுபடி பார்த்து, ‘இல்லை, இது வேறு’ என்று தலையசைத்துவிட்டுப் போகலாம். திரையில் அதற்கு அவகாசமில்லை. மேலும், படத்தில் பேசுபவர்களில் சக் குளோஸ், ஜூலியன் ஷ்னாபெல், எரிக் ஃபிஷ்ல் போன்றவர்கள் ஓவியர்கள். ஓவியர்கள் ஓவியத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. ஆனால் அவர்கள் தங்களுக்கு அந்த ஓவியம் எதைத் திறந்துவிடுகிறது என்று பேசுவார்களே ஒழிய, 1910இல் அதை வரைந்தவனுக்கு எது திறந்தது என்பதற்குச் சாட்சியாக மாட்டார்கள்.

ஒற்றுமை எப்போது சான்றாகாது என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஓர் உதாரணம் உண்டு. பாரிஸில் சலனப்படக் காட்சிகளைத் தொடங்கிவைத்த லூமியேர் சகோதரர்கள் 1896 வாக்கில் எடுத்த சீட்டாட்டப் படம் ஒன்றிருக்கிறது. தோட்டத்தில் ஒரு சிறிய மேசை. எதிரெதிராக அமர்ந்து சீட்டாடுகிறார்கள், பணியாள் ஒருவன் பானம் கொண்டுவந்து வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறான், அவ்வளவுதான். இதைப் பார்க்கும் எந்த ஓவிய மாணவனுக்கும் செசானின் ‘சீட்டாடுபவர்கள்’ வரிசை உடனே நினைவுக்கு வரும். அதே சிறிய மேசை, பக்கவாட்டில் தெரியும் அதே இரு மனிதர்கள். செசான் அந்த ஓவியங்களை 1890இலேயே, அதாவது சலனப்படம் என ஒன்று மக்கள் முன் ஓடுவதற்கு முன்பே, ஏக்ஸ் நகருக்கு அருகில் தன் குடும்பப் பண்ணையில் வேலை செய்த விவசாயிகளை உட்காரவைத்து வரையத் தொடங்கிவிட்டார். தேதி மட்டும் தலைகீழாக இருந்திருந்தால், செசான் லூமியேரைப் பார்த்து வரைந்தார் என்று நாம் இந்நேரம் பாடப்புத்தகத்தில் எழுதியிருப்போம். உண்மையில் இவரும் அவர்களைப் பார்க்கவில்லை, அவர்களும் இவரைப் பார்த்திருக்கத் தேவையில்லை. இரு தரப்புக்கும் பின்னால் பிரெஞ்சு ஓவியத்தில் நூற்றாண்டுகளாக இருந்துவந்த சீட்டாட்டக் காட்சி என்னும் வழக்கம் இருந்தது. ஆகவே, உருவ ஒற்றுமையைக் காட்டி யார் எதைச் சொன்னாலும், ‘செசானின் சீட்டுக்கட்டை நினைத்துக்கொள்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இதனால் சினிமாவும் அதற்கு முந்தைய இயக்கப் புகைப்படங்களும் ஓவியத்தை மாற்றவில்லை என்றாகிவிடாது. மாற்றியிருக்கின்றன, ஐயத்துக்கிடமின்றி. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் கலிபோர்னியாவில் ஓடும் குதிரையை வரிசையான கேமராக்களால் படம்பிடித்தபோது, குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழுவது உண்மைதான், ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு அல்ல, வயிற்றுக்குக் கீழே மடங்கிய நிலையில்தான் என்பது தெரியவந்தது. நூற்றாண்டுகளாக வரையப்பட்ட குதிரைகளெல்லாம் ஒரே நாளில் பொய்யாயின. ஓவியர் தெகா அதன்பின் தன் குதிரைகளின் கால்களை மாற்றிக்கொண்டார். சிற்பி ரோதின் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. காலம் ஒருபோதும் உறைந்து நிற்பதில்லை, எனவே உறைந்த காலத்தைக் காட்டும் புகைப்படம்தான் பொய் சொல்கிறது, கலைஞன் சொல்வதே உண்மை என்பது அவர் தரப்பு. இந்தச் சண்டையைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள், கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்பி வரவேண்டும்.

மைபிரிட்ஜ் பல கேமராக்களால் செய்ததை எட்டியன்-ஜூல் மாரே ஒரே கருவியால் செய்தார். மாரே உடலியங்கியல் அறிஞர், பாரிஸின் கொலேஜ் த ஃபிரான்ஸில் பேராசிரியர். 1882இல் துப்பாக்கி வடிவிலான ஒரு கேமராவைச் செய்து, பறக்கும் பறவைகளைக் குறிபார்த்து விநாடிக்குப் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். பிறகு, ஒரே கண்ணாடித் தகட்டில் அடுத்தடுத்த நிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியவைத்தார். ஒன்று மற்றொன்றை மறைக்காமலிருக்க, ஒருவருக்குத் தலை முதல் கால்வரை கறுப்பு உடை அணிவித்து, கை கால்களின் நெடுகே வெள்ளைக் கோடுகளையும் மூட்டுகளில் வெள்ளைப் புள்ளிகளையும் ஒட்டிக் கறுப்புச் சுவரின் முன் நடக்கவைத்தார். தகட்டில் மனிதன் காணாமல்போய், காற்றில் விசிறிபோல விரியும் கோடுகளும் புள்ளிகளும் மட்டும் எஞ்சின.

மார்செல் துஷாம்பின் ‘படியிறங்கும் நிர்வாண உரு, எண் 2’ என்னும் 1912ஆம் ஆண்டு ஓவியத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். இடுப்புக்கு அருகே வளைந்து செல்லும் புள்ளிகளின் வரிசை தெரியும். அது மாரேயின் மூட்டுப் புள்ளிகள்தான். மாரேயின் படங்களிலிருந்தே அந்த யோசனை வந்தது என்று துஷாம்ப் பிற்காலப் பேட்டிகளில் தானே சொல்லியிருக்கிறார். இங்கே நாம் ஒற்றுமையை மட்டும் நம்பவேண்டியதில்லை, வாக்குமூலமே இருக்கிறது. அதே 1912இல் இத்தாலியில் ஜியாகோமோ பாலா, சங்கிலியில் கட்டி அழைத்துச் செல்லப்படும் ஒரு சிறு நாயை, அதன் கால்கள் ஒரு தூசிப்படலமாகச் சுழல்வதுபோல வரைந்தார். ஓடும் குதிரைக்கு நான்கு கால்கள் அல்ல, இருபது என்று 1910இல், வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய எதிர்காலவாத ஓவியர்கள் தங்கள் அறிக்கையில் எழுதியதன் நேரடி விளக்கப்படம் அது. சற்று வேடிக்கையான ஓவியமும்கூட. எதிர்காலவாதிகளில் சிரிக்கத் தெரிந்தவர் பாலா ஒருவர்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

துஷாம்பின் அந்த ஓவியத்துக்கு நேர்ந்ததைத்தான் உங்கள் ஆவணப்படத்தின் வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சியாக நான் கருதுகிறேன். 1912 வசந்தத்தில் பாரிஸின் சுதந்திர ஓவியர் கண்காட்சியில் கியூபிஸ்டுகளின் அறைக்கு அதை அவர் அனுப்பினார். அங்கிருந்த கிளேஸ், மெட்சாஞ்சே ஆகியோருக்கு அது பிடிக்கவில்லை. நிர்வாண உரு படுத்திருக்க வேண்டுமே தவிரப் படியிறங்கக் கூடாது என்பதுபோன்ற ஒரு மனநிலை. துஷாம்பின் சொந்த அண்ணன்கள் இருவரையே தூதனுப்பித் தலைப்பையாவது மாற்றச் சொன்னார்கள். அவர் பதில் பேசாமல் ஓவியத்தை எடுத்துக்கொண்டு வாடகைக் காரில் வீட்டுக்குப் போய்விட்டார். மறு ஆண்டு நியூயார்க்கில் அதே ஓவியம் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது வேறு கதை. பிக்காசோவும் பிராக்கும் அந்தக் குழுவில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அவர்கள் இருவரும் இத்தகைய பொதுக் கண்காட்சிகளைத் தவிர்த்துவந்தவர்கள். ஆனாலும், கியூபிஸ்டுகள் என்று தங்களை அழைத்துக்கொண்டவர்களே இயக்கத்தை வரைவதைத் தங்கள் வேலையாகக் கருதவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. சினிமாவிலிருந்து நேரடியாகப் பிறந்த கலை என்றால், அது முதலில் தேடியிருக்க வேண்டியது இயக்கத்தை அல்லவா?

அப்படியானால் பிக்காசோவின் நண்பர் வட்டத்துக்குச் சினிமாவோடு தொடர்பே இல்லையா? நிறையவே இருந்தது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கபூசின் நெடுஞ்சாலையிலிருந்த கிராண்ட் கஃபேயின் நிலவறைக் கூடத்தில், ஒரு பிராங்க் கட்டணத்தில், லூமியேர்கள் பத்துப் படங்களைக் காட்டியபோது பிக்காசோவுக்கு வயது 14, பிராக்குக்கு 13. (அதே தெருவில்தான், 1874இல், நடார் என்னும் புகைப்படக்காரரின் பழைய ஸ்டுடியோவில், ஒளியின் கணநேரத் தோற்றத்தை வரைந்த இம்ப்ரஷனிஸ்டுகள் தங்கள் முதல் கண்காட்சியை நடத்தினார்கள். நவீன ஓவியமும் சினிமாவும் ஒரே தெருவில் ஞானஸ்நானம் பெற்றவை.) அதாவது, இந்த இருவரும் சினிமாவோடு சேர்ந்து வளர்ந்த முதல் தலைமுறை ஓவியர்கள். அவர்களது நெருங்கிய நண்பரான கவிஞர் அப்போலினேர், 1910இல் வெளிவந்த தன் கதைத் தொகுதியில், பரபரப்பான படம் வேண்டும் என்பதற்காக உண்மையாகவே ஒரு கொலையைச் செய்யவைத்துப் படம்பிடிக்கும் கும்பலைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறார். ஃபான்தோமாஸ் என்னும் மர்மக் குற்றவாளியின் கதைகளுக்கு அவரும் இன்னொரு கவிஞரான மாக்ஸ் ழாக்கோபும் தீவிர ரசிகர்கள். அந்தக் கதைகள் 1913 முதல் படங்களாக வந்தபோது அந்த வட்டமே அவற்றைக் கொண்டாடியது. அதே வட்டத்து ஓவியர் குவான் கிரிஸ் 1915இல் வரைந்த ஒரு கியூபிச மேசைக் காட்சியில், புகைக்குழாய்க்கும் செய்தித்தாளுக்கும் நடுவே ஒரு ஃபான்தோமாஸ் நாவல் கிடக்கிறது.

ஆகவே அவர்கள் சினிமா பார்த்தார்கள், விரும்பினார்கள். ஆனால் விரும்பிப் பார்த்தது வேறு, அதிலிருந்து வரைந்தது வேறு. அவர்களுக்கு விமானமும்தான் பிடித்திருந்தது. பறக்கும் இயந்திரத்தைச் செய்த ரைட் சகோதரர்களில் ஒருவரான வில்பரின் நினைவாகப் பிராக்கை ‘வில்பூர்’ என்று பிக்காசோ கேலியாக அழைத்தார். விமானப் படையைப் பற்றிய ஒரு துண்டுப் பிரசுரத்தின் அட்டையைக்கூடத் தன் 1912ஆம் ஆண்டு ஓவியங்களுக்குள் கொண்டுவந்தார். அதை வைத்துக் கியூபிசம் விமானத்திலிருந்து பிறந்தது என்று ஒரு படம் எடுக்கலாம், நன்றாகவே இருக்கும்.

உங்கள் கல்லூரி கற்பித்தது தவறல்ல. 1907 இலையுதிர்காலக் கண்காட்சியில், இறந்து ஓராண்டே ஆகியிருந்த செசானின் 56 ஓவியங்கள் ஒன்றாக வைக்கப்பட்டன. மறு ஆண்டு பிராக், செசான் வரைந்த அதே லெஸ்தாக் கிராமத்துக்குப் போய் அங்கே வரைந்த வீடுகளைப் பார்த்துத்தான் லூயி வோசெல் என்னும் விமர்சகர் ‘கியூப்கள்’, அதாவது கனசதுரங்கள், என்று எழுதினார். இந்த இயக்கத்தின் பெயரே அந்த ஏளனத்திலிருந்து வந்தது. ட்ரொகாதேரோ அருங்காட்சியகத்தில் பிக்காசோ பார்த்த ஆப்பிரிக்கச் சிற்பங்களும் அதே அளவு உறுதியான மூலம். ஆவணப்படம் இவற்றை மறுக்கவில்லை, ஆனால் வேகமாகக் கடந்துபோகிறது. செசானைப் பின்னால் தள்ளிவிட்டுக் கியூபிசத்தைப் பேசுவது, அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மாடியின் ஜன்னல் எந்த ஊர்ப் பாணி என்று விவாதிப்பது போன்றது.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அசையும் சினிமா, அசையாத ஓவியத்துக்கு எதைக் கொடுத்திருக்க முடியும்?

செசானின் அந்தக் கண்காட்சி நடந்த அதே 1907இல்தான் பிக்காசோ ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ ஓவியத்தை வரைந்தார். அதே 1907இல்தான் ஆன்றி பெர்க்சன் ‘படைப்பூக்கப் பரிணாமம்’ என்னும் தத்துவ நூலை வெளியிட்டார். மாரே பணியாற்றிய அதே கொலேஜ் த ஃபிரான்ஸில் பேராசிரியராக இருந்தவர் பெர்க்சன். அந்த நூலின் கடைசி அத்தியாயத்தில் அவர் சினிமாக் கருவியைப் பற்றிப் பேசுகிறார், பாராட்டாக அல்ல. ஓடும் காலத்தை அசையாத துண்டுகளாக வெட்டி, அந்தத் துண்டுகளை ஒரு இயந்திரத்தில் கோத்துச் சுழற்றி, ‘இதோ இயக்கம்’ என்று காட்டுவதுதான் சினிமா என்கிறார். நம் அறிவும் இதையேதான் செய்கிறது, உயிருள்ள ஓட்டத்தைப் பிடிக்கத் தெரியாமல் அதன் நறுக்குகளைச் சேர்த்து ஒப்பேற்றுகிறது என்பது அவர் வாதம். ரோதின் புகைப்படத்தின் மீது வைத்த அதே குற்றச்சாட்டு, இன்னும் ஆழமாக. அன்றைய பாரிஸில் பெர்க்சனைப் படிக்காதவர்களும் பெர்க்சனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சலனப்படம் ஓடும்போது உண்மையில் நடப்பது என்ன? லூமியேர் கருவியில் விநாடிக்குச் சுமார் 16 சட்டகங்கள் ஒளிக்கு முன்னால் வந்து நின்று போகின்றன. ஒரு சட்டகம் நகர்ந்து அடுத்தது வரும் இடைவெளியில் மூடி ஒளியை மறைக்கிறது. ஒவ்வொரு கணமும், தனக்கு முந்தைய கணத்தை அழித்துவிட்டுத்தான் திரைக்கு வருகிறது. அதாவது, சினிமாவில் இயக்கம் என்பது இடைவிடாத அழிப்பு. திரை ஒன்று, படங்கள் ஆயிரம், ஆனால் எந்த நேரத்திலும் திரையில் இருப்பது ஒன்றே ஒன்று.

பிக்காசோ 1910இல் வரைந்த கான்வைலரின் உருவப்படத்தைப் பாருங்கள். கான்வைலர் அவருடைய ஓவியங்களை விற்ற இளம் வணிகர், அந்த ஓவியத்துக்காகப் பலமுறை வந்து அமர்ந்தவர். முதல் பார்வைக்கு உடைந்த கண்ணாடிச் சில்லுகள்போலத் தெரியும். பொறுமையாகப் பார்த்தால் கீழே கோத்துக்கொண்ட கைகள், நடுவே கடிகாரச் சங்கிலி, மேலே படிய வாரிய தலைமுடி என ஒவ்வொன்றாக எழுந்து வரும். பல அமர்வுகளில், பல கோணங்களில் கண்டவை எல்லாம் ஒரே கித்தானில் இருக்கின்றன. இங்கே எந்தக் கணமும் மற்றொரு கணத்தை அழிக்கவில்லை. எல்லாம் மங்கலாக, பாதி ஒளியில், ஒன்றன் வழியாக ஒன்று தெரியும்படி நிற்கின்றன. சினிமா எதை அழித்து முன்னேறுகிறதோ, அதை இந்த ஓவியம் அழிக்க மறுத்துத் தேக்கிவைத்துக்கொள்கிறது.

இதனால்தான் ‘பாதிப்பு’ என்ற சொல் இங்கே எனக்குப் போதவில்லை. துஷாம்பும் பாலாவும் இயக்கப் புகைப்படத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிக்காசோவும் பிராக்கும் சினிமாவிலிருந்து எதையாவது பெற்றார்கள் என்றால், அது ஒரு வடிவத்தையோ ஓர் உத்தியையோ அல்ல, ஒரு நெருக்கடியை. ஒரு பொருளைப் பல கணங்களில் பார்ப்பதென்பது இனிக் கவிஞர்களின் கற்பனை அல்ல, சந்தையில் காசு கொடுத்துப் பார்க்கக்கூடிய ஒன்று என்று ஆகிவிட்டபோது, ஒற்றைக் கணத்தை ஒற்றைக் கோணத்தில் வரைந்து மாட்டுவது ஓவியனுக்கு அலுப்பூட்டியிருக்கும். ஆனால் அந்தக் கணங்களை வரிசையாக ஓடவிடும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டதால், அவற்றை ஓடாமல் நிறுத்திவைக்கும் வேலை ஓவியனுக்கு மிஞ்சியது. நான் கியூபிசத்தைச் சினிமாவின் குழந்தை என்று சொல்ல மாட்டேன், சினிமாவுக்குச் சொல்லப்பட்ட மறுமொழி என்பேன். இது என் வாசிப்பு. சூழ்நிலைச் சான்றுகளின் மேல் நிற்கும் ஆவணப்படத்தின் வாதத்தைப் போலவே, இதையும் நீங்கள் ஐயத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க விரும்பினால், பிக்காசோவைப் பற்றிய இன்னொரு படம் இருக்கிறது. ஆன்றி-ழார்ஜ் க்ளூசோ 1956இல் எடுத்தது. ஒளி ஊடுருவும் தாளில் பிக்காசோ மையால் வரைய, மறுபக்கத்திலிருந்து கேமரா அதைப் பதிவு செய்கிறது. வரைபவரின் கை தெரியாது, கோடு தானாகவே முளைத்து வளரும். ஒரு பூங்கொத்து மீனாகிறது, மீன் கோழியாகிறது, கோழி ஒரு முகமாகிறது. ஒவ்வொன்றும் முந்தையதை விழுங்கிவிட்டு வருகிறது. ஓவியம் சினிமாவாக மாறும்போது எதை இழக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எங்கும் பார்க்க முடியாது. அதற்கு ஒளிப்பதிவு செய்தவர் குளோத் ரெனுவார், இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர் ரெனுவாரின் பேரன். வரலாறு சில சமயம் இப்படி விளையாடுகிறது.

நிறத்தைப் பற்றி நீங்கள் ஊகித்தது கவர்ச்சியான ஊகம், ஆனால் ஏற்பதற்கில்லை. தொடக்ககாலச் சினிமா கறுப்பு வெள்ளை என்பது பிற்காலப் பிரதிகளைப் பார்த்து நமக்கு ஏற்பட்ட எண்ணம். நீங்கள் பார்த்த ஆவணப்படத்திலேயே லோயி ஃபுல்லரின் பாம்பு நடனம் பற்றிய பகுதி இருக்கிறது அல்லவா? மேடையில் பல நிற விளக்குகளின் ஒளியில் பட்டுத்துணியைச் சுழற்றி ஆடியவர் அவர். அவரைப் பின்பற்றி ஆடியவர்களின் படங்களில், சட்டகம் சட்டகமாகக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. பாரிஸில் எலிசபெத் துய்லியே என்பவரின் பட்டறையில் சுமார் இருநூறு பெண்கள் அமர்ந்து, மாயாஜாலப் படங்கள் எடுத்த மெலியஸ் போன்றவர்களின் படச்சுருள்களுக்கு மெல்லிய தூரிகையால் நிறம் பூசினார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு நிறம். அவள் தன் நிறத்தைப் பூசிவிட்டு அடுத்தவளிடம் சுருளைத் தள்ளுவாள். ஓவியர்களின் பெயரில் பக்கம் பக்கமாக எழுதும் நாம், அந்த இருநூறு ஓவியர்களை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சாயத்தில் முக்கி முழுச் சுருளையும் நீலமாகவோ மஞ்சளாகவோ ஆக்குவதும் அன்று வழக்கம்தான். ஆகவே, பிக்காசோ பார்த்த சினிமா பெரும்பாலும் அவருடைய ஓவியத்தைவிட வண்ணமயமாகவே இருந்திருக்கும். கியூபிஸ்டுகள் நிறத்தைக் குறைத்ததற்குப் பிராக் பிற்காலத்தில் காரணம் சொல்லியிருக்கிறார். நிறம் எழுப்பும் உணர்வு, வெளியைக் கட்டும் வேலைக்கு இடையூறாக இருக்கும் என்று கருதியே அதை விலக்கியதாக.

சினிமாவால் மறுக்க முடியாதபடி மாற்றப்பட்ட ஓவியர்கள் வேண்டுமென்றால், சற்றுப் பின்னால் வரவேண்டும். லெயோபோல்ட் சுர்வாஜ் என்பவர் 1912 முதல், வண்ண வடிவங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக விரிந்து செல்லும் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களை, படமாக ஓட்டுவதற்கென்றே வரைந்தார். 1914 ஜூலையில் அப்போலினேர் தன் இதழில் அந்தத் திட்டத்தை வெளியிட்டார். அடுத்த மாதம் முதல் உலகப் போர் தொடங்கியது, படம் எடுக்கப்படவே இல்லை. அவற்றில் கணிசமான பகுதி இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஓடாத சினிமாவாக. ஃபெர்னான் லெஜே போர்முனையிலிருந்து விடுப்பில் வந்தபோது சார்லி சாப்ளினைத் திரையில் பார்த்து மயங்கியவர். 1924இல் டட்லி மர்ஃபியோடு சேர்ந்து ‘பாலே மெக்கானிக்’ என்னும் படத்தையே எடுத்துவிட்டார். அதன் தொடக்கத்தில் கியூபிச பாணியில் வெட்டிச் செய்த சாப்ளின் பொம்மை ஆடுகிறது. அதே படத்தில், தோளில் மூட்டை சுமந்த ஒரு சலவைப் பெண் படியேறி வருகிறாள். கடைசிப் படிக்கு வந்ததும் மறுபடி முதல் படியிலிருந்து ஏறுகிறாள், மறுபடி, மறுபடி. அவள் மேலே வந்து சேரவே மாட்டாள். துஷாம்பின் நிர்வாண உரு இறங்கிய படியில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஓர் உழைக்கும் பெண் ஏறிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் மேலே சொன்ன சீட்டுக்கட்டு எச்சரிக்கை எனக்கும் பொருந்தும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் அந்த ஆவணப்படத்தை நான் மதிக்கிறேன். அருங்காட்சியகத்தின் வெண்சுவரில் பயபக்தியோடு நாம் பார்க்கும் இந்த ஓவியங்கள், சந்தைக் கொட்டகைகளும் சுவரொட்டிகளும் நடன அரங்குகளும் மலிவு நாவல்களும் நிறைந்த ஓர் ஊரில், அவற்றின் இரைச்சலுக்கு நடுவே வரையப்பட்டவை என்பதை அது ஒரு மணி நேரத்தில் உணர்த்திவிடுகிறது. அந்தக் கொட்டகைச் சினிமா பாரிஸோடு நிற்கவுமில்லை. திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபோன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் இயேசுவின் வாழ்க்கைப் படச்சுருளையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டினார். பிக்காசோவும் நம் பாட்டனார்களும் ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில், ஒரே விதமான பிரெஞ்சுப் படங்களை, ஒரே விதமான கூடாரங்களில் பார்த்திருக்கிறார்கள்.

மாணவர்களுக்குத் தாராளமாகப் போட்டுக்காட்டுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். பிராக் 1910இல் வரைந்த ‘வயலினும் மெழுகுவர்த்தித் தண்டும்’ ஓவியத்தைத் தனியாக அச்செடுத்துக் கொண்டுபோங்கள். லூமியேரின் ஒரு படம் ஏறக்குறைய ஐம்பது விநாடிகள் ஓடும். அதே ஐம்பது விநாடிகள், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, அந்த ஓவியத்தை எதுவும் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வரிசையில் எவையெவை கண்ணுக்குத் தென்பட்டன என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேரின் வரிசை ஒன்றாக இருக்காது. அதன் பிறகு ஆவணப்படத்தை ஓடவிடுங்கள்.

அன்புடன்.